ஆவாரம்பூ கேட்ட ஒரு கொதி

காய்ந்த ஆவாரம்பூ டப்பாவிலிருந்து எட்டிப் பார்த்து, அடுப்பில் இருந்த கெண்டியிடம் கத்தியது. “யோவ் கெண்டி! தண்ணியைப் பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடுய்யா!”

“எதுக்கு இந்தக் கத்து கத்துற?”

“என்னைக் காயப்போட்ட அன்னிக்கு மழைய்யா. ஈரத்தோடவே மூட்டை கட்டிட்டானுங்க. என் இதழுக்குள்ள இப்ப கிருமி ஒரு ஊரே குடியிருக்கு. குடிக்கப்போறது யாரு? டைபாய்டுல கிடந்து நேத்துதான் எழுந்து உக்காந்த செண்பகவடிவு!”

“பத்தெல்லாம் கட்டாது.”

“சரி, அஞ்சு!”

“அடுப்பு என் கையிலயா இருக்கு? அவ அம்மா கையில இருக்கு.”

“யோவ், ஒரே ஒரு கொதி! உன் காலைப் பிடிக்கிறேன்!”

கெண்டிக்கும் பயம் தொற்றிக்கொண்டது. முக்கி முனகி, அடியிலிருந்து முதல் குமிழியைக் கிளப்பியது.

அதற்குள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். “கொதிச்சா மூலிகைச் சத்தெல்லாம் போயிடும்டி” என்று மகளிடம் சொல்லிக்கொண்டே, டம்ளரில் பூவைப் போட்டு வெதுவெதுப்பான நீரை ஊற்றினாள்.

இதழுக்குள் ஒரு கிருமி சோம்பல் முறித்தது. “எல்லாரும் எழுந்திருங்கப்பா, குளிக்க இதமா இருக்கு.”

செண்பகவடிவு டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். சுடுமோ என்று ஊதி ஊதி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.