சம்மதம் என்று ஒரு வரி

"பேரைச் சொல்லு. ஒரே ஒரு பேரு. சொல்லிட்டா உன்னை விட்டுடறோம்."

"கொன்னாலும் சொல்ல மாட்டேன்டா," என்று அவள் அடித்தொண்டையிலிருந்து அலறினாள். கதவுக் கண்ணாடி அதிர்ந்தது.

"அலறல் பிரமாதம்க்கா. உதடுதான் கொஞ்சம் முந்திக்கிச்சு," என்றது மேலே இருந்த ஸ்பீக்கர். "இன்னொரு வாட்டி நகத்தைப் பிடுங்கிடலாமா?"

எந்தக் காலத்திலோ, காட்டுக்குள் ஒளிந்திருந்து எதிரிப் படையோடு மோதியவர்களைப் பற்றிய வெளிநாட்டுப் படம். கூட இருந்தவனே காட்டிக்கொடுக்க, ஒவ்வொருவராக மாட்டிச் சாகிறார்கள். நம்மவர்கள் டப்பிங் தியேட்டரில் ஏசி போட்டுக்கொண்டு, அவர்களுக்காகத் தமிழில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

போராளித் தலைவிக்குக் குரல் கொடுப்பவள் அக்கா. அவள் நகத்தைப் பிடுங்கும் அதிகாரிக்கு வில்லன் அண்ணன். ஊரையே நடுங்கவைக்கும் குரல். சொந்த வீட்டில் மட்டும் எடுபடாது. காட்டிக்கொடுக்கிறவனுக்குப் பேசுவது ஒரு வாயில்லாப் பூச்சி. படம் ஆரம்பித்ததிலிருந்து அவனுக்குத் துரோகி என்றே பெயராகிவிட்டது. கூப்பிட்டால் "என்னண்ணே" என்று வந்து நிற்பான், பாவம்.

டீ நேரத்தில் மேனேஜர் வந்தார். வாயெல்லாம் பல்.

"புதுசா மெஷின் வந்திருக்கு. உங்க குரல்ல அதுவே பேசிடும். நீங்க இனிமே இங்க வந்து கஷ்டப்படவே வேண்டாம். மைக் முன்னாடி நின்னு, 'என் குரலை எடுத்துக்கலாம், எனக்குச் சம்மதம்'னு ஒரு வரி சொன்னாப் போதும்."

"கஷ்டப்படலைன்னா சோத்துக்கு என்ன பண்றது?" என்றாள் அக்கா.

"கட்டாயமே இல்லம்மா. உங்க சம்மதம் இல்லாம உங்க குரலைத் தொடுவோமா? பாவம் இல்லையா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே நழுவினார் அந்தப் புண்ணியவான்.

படத்தில் ரத்தம் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். இங்கே டீ கிளாஸ் மேல் கை வைத்துச் செய்தார்கள். சூடு தாங்காமல் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள்.

"ஒருத்தர் சொன்னாலும் மூணு பேர் பொழப்புலயும் மண்ணு. உயிரே போனாலும் வாயைத் திறக்கக் கூடாது," என்ற வில்லன், துரோகியை முறைத்தார். "முக்கியமா நீ."

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குண்ணே," என்றான் அவன்.

அன்று சாயங்காலம் வரை அக்காவை அடித்தார்கள், தண்ணீரில் முக்கினார்கள், கடைசியில் உயிரோடு கொளுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் அலறி முடித்தவள், யாரிடமும் எதுவும் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வில்லன் சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஏதோ புது நம்பர். நம்பரா முக்கியம்? தும்மலை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் காது அவருடையது.

"அண்ணே, நான்தான்," கணீரென்று அக்கா. "நல்லா யோசிச்சுப் பாத்தேன். மெஷினோட மல்லுக்கட்ட முடியாது. நான் போய்ச் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லி முடிச்சுடுங்க."

பட்டென்று வைத்துவிட்டாள். பாதி முகத்தில் சோப்போடு வில்லன் அப்படியே நின்றார். கூடப்பிறந்தவள் மாதிரி நினைத்திருந்தார். திருப்பிக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்று போனை எடுத்தார். சீ, இனிமேல் அவளோடு என்ன பேச்சு என்று கீழே வைத்தார்.

உடனே துரோகி கூப்பிட்டான். "அண்ணே, அக்கா எனக்கும் போன் பண்ணினாங்க. உங்களைக் கேக்காம சொல்ல மாட்டேன்னுட்டேன்."

"தலையே சாஞ்சாச்சு, வால் ஆடி என்னடா ஆகப்போகுது? வா, போய்ச் சொல்லித் தொலைப்போம்."

போனார்கள். சொன்னார்கள். எத்தனையோ பேரை மிரட்டிய குரல், "எனக்குச் சம்மதம்" என்றபோது மட்டும் கம்மியது. மேனேஜர் கட்டைவிரலை உயர்த்தி, "ஒரே டேக்ல ஓகேண்ணே," என்றார்.

இருவரும் வெளியே வந்தால், பக்கத்து மைக் அறையிலிருந்து அக்கா வருகிறாள். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி.

"வாங்க தலைவி," என்றார் வில்லன். "படத்துல நகத்தைப் பிடுங்கினப்பகூட வாயைத் திறக்கல. இங்க மேனேஜர் பல்லைக் காட்டினதுக்கே கக்கிட்டீங்க. துரோகின்னு பேர் வெச்சோமே, இவன்கூட என்னைக் கேட்டுட்டுத்தான் வந்தான்."

அக்கா வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பஞ்சரான டியூப்கூட இதைவிடச் சத்தமாகப் பேசும்.

"காலைல போன்ல கணீர்னு பேசினியே. இப்ப என்ன நடிப்பு?"

"நானா?" ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் போட்டாள். "நேத்து சாயங்காலமே குரல் போயிடுச்சுண்ணே. பெத்த பிள்ளைகிட்டகூடப் பேசல."

துரோகி, மெஷின் இருந்த அறையையே பார்த்தான். உள்ளே மேனேஜர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

"அப்ப நீ எதுக்கும்மா உள்ள போய்ச் சம்மதம்னு சொன்ன?" என்றார் வில்லன்.

அக்காவின் கண் நிறைந்தது.

"நீங்கதானேண்ணே காலைல போன் பண்ணி அழுதீங்க?"