முடிச்சுப் போடாத நூல்

ஞாயிறுதோறும் பூங்காவில் கூடிக் கம்பளி நூலில் பின்னும் பெண்கள், அந்த முறை அழகுக்காக ஆளுக்கொரு சாலையோர மரத்துக்குச் சட்டை பின்னிப் போட்டார்கள். பிலோமினா, இறந்துபோன கணவரின் சிவப்பு ஸ்வெட்டரைப் பிரித்து அந்த நூலிலேயே பின்னியிருந்தாள்.

"கடைசிக் கண்ணியில முடிச்சுப் போட்ருங்கக்கா. இல்லன்னா மொத்தமும் உருவிக்கும்," என்றாள் உடன் பின்னும் ரமணி.

"அடுத்த வாரம் போட்டுக்கறேன்."

முடிச்சு விழுந்துவிட்டால் அவருக்காகச் செய்ய இனி ஒன்றுமே இல்லை.

அடுத்த வாரம் அவள் வந்தபோது, சாலையை அகலப்படுத்த அவளுடைய மரத்தை அறுத்து, சட்டையோடு லாரியில் ஏற்றியிருந்தார்கள். ஓடிப்போய், தொங்கிய நூல் நுனியைப் பிடித்தாள். லாரி கிளம்பியது. கண்ணி கண்ணியாகச் சட்டை பிரிய, நூல் தெரு நெடுக நீண்டுகொண்டே போனது.

"நூல விடுங்கம்மா, வண்டியெல்லாம் நிக்குது," என்றார் போக்குவரத்துக் காவலர்.

அவள் அதை விரலில் இன்னொரு சுற்று சுற்றினாள்.