திரையில் இருப்பவர்

புரோட்டான் கதிரை நோயாளியின் உடம்பில் செலுத்துவதற்கு முன்னால் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. கதிர் புற்றுநோய்க் கட்டிக்குள் போய் அங்கேயே நின்றுவிட வேண்டும். எங்கே நிற்கும் என்பது வழியில் இருக்கும் சதையைப் பொறுத்தது. முதல் ஸ்கேனில் நோயாளி செல்லத்துரைக்குச் சதை இருந்தது. கதிர் சொல்லிவைத்தாற்போல் கட்டியிலேயே நின்றது. அதற்குப் பிறகு மனிதர் மெலிந்துகொண்டே போனார். புதிய ஸ்கேனில் அதே கதிர் கட்டியைத் தாண்டி முதுகுத்தண்டில் பாய்ந்தது. அவளும் சளைக்காமல் கணக்கை மாற்றி மாற்றி ஓட்டினாள். ஒவ்வொரு கணக்கும் முடிவதற்குள் அந்தப் பாழாய்ப்போன உடம்பு இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

“இனி கதிர் சிகிச்சை வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா. உடம்பு தாங்காது,” என்றாள் ஜெசிந்தா, செல்லத்துரையின் மனைவி தங்கபுஷ்பத்திடம்.

“முட்டையும் பாலுமா குடுத்துப் பாத்தேம்மா. ஒண்ணும் உடம்புல ஒட்டல.”

தங்கபுஷ்பத்தின் பார்வை திரைக்குப் போனது. தோளும் தொந்தியுமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு ஆள் படுத்திருந்தார்.

“இது யாரு?”

“அவர்தான்க்கா. முதல்ல வந்தப்போ எடுத்தது.”

அவள் அந்தத் தொந்தியின் மேல் விரலை வைத்தாள். “இவுகளுக்குன்னா கதிரு கட்டியிலேயே நிக்குமா?”

“நிக்கும்.”

“அப்போ இவுகளுக்காவது முடிச்சு விட்டிருங்கம்மா.”

ஜெசிந்தா மறுக்காமல் பழைய கணக்கை ஓட்டினாள். கதிர் உள்ளே இறங்கி, இம்மி பிசகாமல் நின்றது. வெளியே சக்கர நாற்காலியில் செல்லத்துரை இருமினார். தங்கபுஷ்பம் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.