ஹேடோவிலிருந்து ஹிந்தி வகுப்பு

போர்ட் பிளேர் ஹேடோ குவார்ட்டர்ஸில், படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு வைஜெயந்தி செல்போனில் ஹிந்தி சொல்லித் தருகிறாள். திரையில் மதுரைச் சிறுமியும் அவள் அம்மாவும். இது முதல் வகுப்பு; அந்த அம்மாவுக்குப் பிடித்தால்தான் அடுத்தது. கப்பல் சங்கு ஊதுகிறது, ஜன்னல் அதிர்கிறது, படம் உறைந்து உறைந்து மீள்கிறது. வைஜெயந்தி சிறுமியிடம் சொல்கிறாள்: “மிஸ் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லணும், சரியா?” அவள் ஆரம்பிக்குமுன் கதவு தடதடக்கிறது. கூடத்தில் கார்ட்டூன் போட்டு உட்காரவைத்துவிட்டு வந்த மூன்று வயது மகன். “அம்மா, தர்வாஜா கோலோ!” என்று அழுகிறான். வைஜெயந்தியின் கை தாழ்ப்பாளைத் தொட்டுவிடுகிறது. “அம்மா, தர்வாஜா கோலோ,” என்று மதுரைச் சிறுமி பிசகாமல் திருப்பிச் சொல்கிறாள். அவள் அம்மாவின் முகம் மலர்கிறது. வைஜெயந்தியின் கை தாழ்ப்பாளிலிருந்து இறங்குகிறது. “சபாஷ். ‘அம்மா, கதவத் திற’ன்னு அர்த்தம். எங்கே, இன்னொரு தடவ சொல்லு.”