பெரட்டுச் சத்தம்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருஷம். காஜா பேராங் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்திருந்தார் தோட்டத்துப் பழைய கங்காணி சேதுபதி.

“தூக்க மாத்திரை கேக்கலையா?” என்றார் டாக்டர்.

“முன்ராத்திரி நல்லாத்தான் தூங்குறேன். விடியுமுன்னே பெரட்டுத் தகரம் காதுல விழுது டாக்டர். ஆளுங்களை வேலைக்கு எழுப்பி, பேர் கூப்பிட வரிசையில நிறுத்த நான் தட்டுவேனே, அதே சத்தம். அப்புறம் கண்ணை மூட முடியலை.”

“வயசானவங்களுக்கு இந்த மாத்திரை புத்தியைக் குழப்பும். நிறுத்திடுங்க, மிஸ்ஸி.”

“சரி டாக்டர்,” என்றாள் நர்ஸ் சந்திரமதி.

டாக்டர் நகர்ந்ததும் கங்காணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணு குடும்மா. தூங்காம உயிர் போகுது.”

“பிள்ளை பெத்த மறுநாள், ஒரு நாள் மட்டும் படுத்துக்கிறேன்னு எங்கம்மாவும் உங்ககிட்ட இப்படித்தான் கெஞ்சினாங்க.”

கட்டிலடியில் ஒளித்து வைத்திருந்த எனாமல் பேசினையும் கரண்டியையும் எடுத்து, அவர் காதோரம் தட்டினாள்.

“பெரட்டுக்கு நேரமாச்சு. எந்திரி.”