அறுபது மில்லி

"நூத்திருபது வரணும்மா. நீ பாட்டுக்கு அறுபதுன்னு எழுதி வெச்சிருக்கே?"

வேதியியல் துறைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார். அவள் கரும்பலகை அருகே சாக்பீஸோடு நின்றாள். ஆசிரியை வேலை ஒன்றே ஒன்று. மாதிரி வகுப்பு எடுக்க வந்த நான்கு பேரில் அவள்தான் கடைசி. எதிரே நாற்பது மாணவர்கள். மூலையில் குறிப்பேடும் பேனாவுமாகத் தலைமையாசிரியை.

"அறுபதுதான் சார் வரும்."

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு ரெண்டு கிராம் மக்னீசியம். ஒரு மோலார் அமிலம், பத்து மில்லி. ரெண்டும் மிச்சமில்லாம தீர்ந்து நூத்திருபது மில்லி ஹைட்ரஜன் வரும். இதுகூடத் தெரியலையே, தபால்ல படிச்ச டிகிரியா?"

"ஆமா சார். பரீட்சை மட்டும் நேர்ல போய் எழுதினேன்."

பின்வரிசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"பாருங்க மேடம், பசங்களே சிரிக்கிறாங்க."

"செஞ்சே காட்டட்டும் சார்," என்றார் தலைமையாசிரியை.

மக்னீசியம் நாடாவை அமிலக் குடுவையில் போட்டு மூடினாள். குழாய் வழியே ஓடிய குமிழ்கள், தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்திருந்த அளவு ஜாடிக்குள் ஏறின. மாணவர்கள் சத்தமாகவே எண்ணினார்கள். இருபது. நாற்பது. ஐம்பத்தைந்து. அவள் ஜாடியின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தொட்டால் வேலை கை நழுவிப் போகும்.

அறுபதில் குமிழ் நின்றது. குடுவையின் அடியில் பாதி நாடா கரையாமல் சும்மா கிடந்தது.

வகுப்பு மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தது.

"உங்க கணக்கு சரிதான் சார்," என்றாள். "அமிலத்துலதான் சரக்கு பாதி."

"லேபிள் நான் எழுதி ஒட்டினது. பாதிதான் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"'இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் தாக்குப்பிடிக்கணும், பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தி வை'ன்னு போன மாசம் பேப்பர்லேருந்து தலையத் தூக்காமலே சொன்னீங்களே சார். ஊத்தினது நான்தான்."

அவர் அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "திங்கக்கிழமையிலேருந்து உங்க லேப்ல டெஸ்ட் டியூப் கழுவ வேற ஆளைப் பாருங்க சார். இவங்களுக்கு வகுப்பு இருக்கு."