எலுமிச்சம்பழத்தின் மேல் நான்கு அடி

“காரோட கேமரா பதிவை எனக்குப் போட்டுக் காட்டுங்க.”

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா வாசலிலேயே கெஞ்சியிருந்தார். கேட்டேன். எட்டு மாதம்கூட ஓடாத ஸ்போர்ட்ஸ் கார், இன்ஜின் போய்க் கிடக்கிறது. பத்து வருட வாரன்டி செல்லாது என்றால் காரணம் சொல்ல வேண்டாமா?

வாரன்டி அதிகாரி திரையைத் திருப்பினார். கார் வந்த முதல் நாள், பிள்ளையார் கோயில் வாசல். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு என் சீட்டில் ஏறுகிறார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நான்கு அடி ஓட்டிவிட்டு இறங்குகிறார்.

“உங்க ஒருத்தருக்குத்தான் அனுமதி மேடம். வேற ஆள் ஓட்டினா வாரன்டி போச்சு.”

“நாலு அடியிலயா இன்ஜின் போச்சு?”

“அது வேற விஷயம்.” ஒரு தாளை நகர்த்தினார். “உங்களைக் கேட்காம அப்பா எடுத்து ஓட்டினார்னு எழுதிக் கொடுங்க. புது இன்ஜின் வந்துடும். அவர் லைசென்ஸ் மட்டும் ஆயுசுக்கும் ரத்தாகும்.”

முப்பது வருடம் அடுத்தவர் காரை ஓட்டி என்னைப் பட்டதாரியாக்கிய லைசென்ஸ். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த ஒரே வேலை, அவசர மருந்து டெலிவரி. வேகமான சொந்தக் கார் இல்லாவிட்டால் திங்கட்கிழமையோடு அதுவும் இல்லை.

“சாவியைக் கொடுத்ததே நான்தான்யா,” என்று தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்தேன்.

வெளியே காத்திருந்த அப்பா, முதலாளிக்குத் திறப்பதுபோல எனக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார். “கையெழுத்துப் போட்டியாம்மா?”

“காலையில டூட்டிக்குக் கிளம்புப்பா,” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.